பட்டினமும் சூழலும்

திருகோணமலை நகரம் அடங்கும் பிரதேச செயலகத்தின் பெயர் ‘பட்டினமும் சூழலும்’. படிவங்களிலும் கடிதத் தலைப்புகளிலும் அன்றாடம் எழுதப்படும் பெயர் என்பதால் அதை நின்று கவனிப்பவர் குறைவு. ‘சூழல்’ என்பதற்கு நேராக ஆங்கிலப் பெயரில் ‘கிராவெற்ஸ்’ என்ற சொல் நிற்கிறது. அது ஒல்லாந்தர் காலத்துச் சொல். கோட்டைக்கும் கோட்டையை ஒட்டிய ஊருக்கும் வெளியே, ஆனால் அவற்றின் அதிகாரத்துக்குள் கிடந்த நிலத்தை அது குறித்தது. காலியிலும் மாத்தறையிலும் உள்ள பிரதேச செயலகங்களின் பெயர்களிலும் அதே சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்துக்கு வடக்கே, உப்புவெளிக்கு அப்பால், சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலோரத்தில் இருக்கும் சல்லி இந்தச் சூழலைச் சேர்ந்த ஊர். மீன்பிடியும் முத்துமாரியம்மன் கோவிலும்தான் அதன் அடையாளம். திருகோணமலையின் பழைய தேவாலயத்தைப் பற்றிய கட்டுரையைச் சல்லியில் தொடங்குவது சிலருக்கு விநோதமாகப்படலாம். ஆனால் பட்டினத்தின் நடுவில் நின்று தேடுபவருக்கு இங்குள்ள கத்தோலிக்க வரலாறு 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோகிறது. சூழலிலிருந்து தேடுபவருக்கோ 17ஆம் நூற்றாண்டுவரை வழி இருக்கிறது. ஏன் அப்படி என்பதையே இங்கே ஆராய விரும்புகிறேன்.

பழைய தேவாலயம் ஒன்று, அதன் முன்னால் சதுக்கம், சதுக்கத்தைச் சுற்றிக் கடைத்தெரு. வரலாற்று நகரம் என்றதும் பலர் மனத்தில் எழும் இந்தப் படத்துக்கு ஸ்பானிய உலகமே பெரிய அளவில் உருவம் கொடுத்தது. கலிபோர்னியாவில் 1769 முதல் 1823 வரை பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் 21 மிஷன்களை நிறுவினார்கள். 1772இல் தொடங்கிய சான் லூயிஸ் ஒபிஸ்போ, 1776இல் தொடங்கிய சான் ஹுவான் கபிஸ்திரானோ போன்ற இடங்களில் தேவாலயம் முதலில் எழுந்தது, ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1573இல், இரண்டாம் பிலிப் மன்னர் தம் கடல்கடந்த நாடுகளில் நகரம் எப்படி அமைய வேண்டும் என்று விரிவான சட்டம் இயற்றியிருந்தார். நகரத்தின் தொடக்கப் புள்ளி சதுக்கம். அதன் நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கடற்கரை ஊரென்றால் சதுக்கம் படகுத்துறையை ஒட்டி அமைய வேண்டும். இந்தச் சட்டம் மிஷன்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. மிஷன், படைத்தளம், குடியேற்ற ஊர் என மூன்றும் தனித்தனி நிறுவனங்களாகவே தொடங்கின. ஆனாலும் தேவாலயமும் வெளியும் கடையும் ஒன்றாகச் சேர்ந்த அந்த அமைப்புதான் பார்வையாளர் இன்று தேடிப்போகும் ஸ்பானியப் பாரம்பரியமாக நிலைத்துவிட்டது.

இந்தப் படத்தைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறதா? இங்கே வந்தவர்கள் போர்த்துக்கேயர், ஸ்பானியர் அல்லர் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு பாதிதான் சரி. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே மன்னர். இரண்டு நாட்டு நிருவாகங்களும் தனித்தனியே நடந்தாலும் முடி மாட்ரிட்டில் இருந்தது. 1622இல் கோணேசர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டிய தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, ஸ்பெயினின் நான்காம் பிலிப்பின் பெயரில்தான் அதைச் செய்தார். மெக்சிக்கோவிலும் பிலிப்பைன்சிலும் தேவாலயச் சதுக்கங்களை எழுப்பிக்கொண்டிருந்த அதே முடியின் கீழேயே இங்கு ஒரு மலைக்கோவில் தரைமட்டமானது. ஆகவே கேள்வி இப்படித்தான் எழ வேண்டும்: ஒரே அரசன், ஒரே மதம், ஒரே நூற்றாண்டு என்றிருந்தும் அங்கே சதுக்கமும் தேவாலயமும் நின்றன, இங்கே ஒரு சுவர்கூட நிற்கவில்லை, ஏன்?

சுவர் நிற்கவில்லை என்றாலும் கல் நிற்கிறது. இன்று பிரட்ரிக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டையின் வாசலுக்கு வருபவர் கதவுநிலைக் கல்லைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு கயல்மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாண்டியர் சின்னம். அருகிலேயே சிதைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்ட மன்னன் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், அழிப்பார்கள் என்று முன்னறிவிப்பதாக மக்கள் சொல்லிவரும் கல்வெட்டு இதுவே. கோவிலில் எங்கோ நின்ற கல், கோட்டையின் வாசலுக்குத் தாங்குகல்லாக இடம் மாறியிருக்கிறது. கோவிலின் பெருமையை நமக்கு விரிவாகச் சொல்பவரும் இடித்தவர் தரப்பைச் சேர்ந்தவரே. இயேசு சபைத் துறவி பெர்னாவோ டி குவேரோஸ் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய இலங்கை வரலாற்றில், கீழைத்தேச வழிபாட்டாளருக்கு இந்த மலை உரோமாபுரி போன்றது என்று ஒப்பிடுகிறார். எதிரியின் ஏட்டில் பதிவான இந்த மதிப்பீட்டை எளிதாக ஒதுக்க முடியாது. புனிதத் தலம் என்று நன்கு தெரிந்தே இடித்தார்கள். கடலுக்குள் விழுந்த தூண்களையும் செதுக்குக் கற்களையும் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோவில் நின்ற சுவாமி மலையடியில் மூழ்கிக் கண்டார்கள். ஆக, திருகோணமலையின் ஐபீரிய காலத்துக் கட்டடக்கலை எங்கே என்று கேட்டால், கோட்டைச் சுவருக்குள்ளும் கடலடியிலும் என்பதுதான் பதில். அந்தக் கற்களும் கோவிலுடையவை.

கோட்டை எழுந்த முறையே பட்டினத்தின் அமைப்பையும் முடிவுசெய்துவிட்டது. ஸ்பானியச் சதுக்கம் வெறும் நிலமாக விடப்படுவது மக்கள் கூடுவதற்காக: சந்தை, திருவிழா, ஊர்வலம். பீரங்கிக் கோட்டைக்கு முன்னாலும் வெறும் நிலம் விடப்படும். அது குண்டு தடையின்றிப் பாய்வதற்காக, எதிரி மறைய ஒரு சுவரும் மரமும் இல்லாமல் இருப்பதற்காக. திருகோணமலையில் கோட்டைக்கும் ஊருக்கும் இடையில் விரிந்து கிடக்கும் மைதானத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்று மக்களை உள்ளே அழைத்தது, மற்றது மக்களைத் தள்ளி நிறுத்தியது. பின்வந்த ஒல்லாந்தருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பிரித்தானியருக்கும் இந்தத் துறைமுகம் போர்க்கப்பல் நிற்கும் இடமாகவே பயன்பட்டது. 1782 என்ற ஒரே ஆண்டில் சனவரியில் பிரித்தானியர் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் பறித்தார். 1795இல் மீண்டும் பிரித்தானியர் கைக்குப் போய், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை பட்டினத்தின் நெஞ்சு கப்பல் தளத்தில்தான் துடித்தது. இப்படிப்பட்ட ஊரில் தேவாலயம் நடுவில் நின்றிருக்க வாய்ப்பே இல்லை.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. போர்த்துக்கேயர் இங்கே இருந்தது ஏறக்குறைய 15 ஆண்டுகள் மட்டுமே, 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவு குறுகிய காலத்தில் எந்த மிஷனும் வேர்விடாது, இதற்குமேல் விளக்கம் எதற்கு என்பது அது. காலக்குறுக்கம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது போதுமான காரணமா? மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல், இழந்தது 1638இல். பத்தே ஆண்டுகள். அப்படியிருந்தும் போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கப் பறங்கியர் சமூகம் மட்டக்களப்பில் இன்றைக்கும் தொடர்கிறது. மாறாக, யாழ்ப்பாணத்தில் 1619 முதல் 1658 வரை நாற்பது ஆண்டுக்காலம் ஆண்டு, ஊருக்கு ஊர் தேவாலயங்கள் கட்டினார்கள். அவற்றை ஒல்லாந்தர் தம் சபையின் பிரார்த்தனை மண்டபங்களாக்கிப் பள்ளிக்கூடங்களும் நடத்தினார்கள். கட்டடம் எஞ்சிய இடத்தில் அது வேறொரு சபையின் கைக்குப் போனது. கட்டடமே இல்லாத இடத்தில் சமூகம் எஞ்சியது. எத்தனை ஆண்டு ஆண்டார்கள் என்பதைவிட, அடுத்து வந்த அரசு என்ன செய்தது என்பதும், அந்த அரசின் கை எட்டாத இடம் எது என்பதும்தான் முடிவைத் தீர்மானித்தன.

அடுத்து வந்த அரசு கத்தோலிக்கத்தைத் தடைசெய்தது. 1658இல் ஒல்லாந்தர் பிறப்பித்த ஆணை கத்தோலிக்கக் குருவுக்கு இடம்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலங்கையின் கத்தோலிக்கர் குருவின்றிக் கிடந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது கூலியாளின் கோலத்தில், நோயோடு, அடையாளம் மறைத்து வந்தார். கண்டிக்குப் போனதும் போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். பிறகு அவருக்கு இயங்க இடம்கொடுத்தவர் பௌத்தரான கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். வாஸும் அவரைத் தொடர்ந்து வந்த கோவா ஒரட்டோரியன் குருக்களும் கிழக்குக் கரைக்கும் நடந்தே போனார்கள். காட்டுவழி, உப்பங்கழி, படகு, இரவில் பூசை. இவர்களுக்குப் பின்னால் படையும் இல்லை, முன்னால் சதுக்கமும் இல்லை. இதோடு கலிபோர்னியாவை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே முதல் ஒன்பது மிஷன்களை நிறுவிய ஹுனிப்பெரோ செர்ரா, மன்னரின் படைவீரர்களோடும் மன்னரின் செலவோடும் வந்தவர். இந்த இருவரையும் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரே ஆண்டில், 2015இல், புனிதராக அறிவித்தார். சனவரியில் வாஸ், கொழும்புக் காலிமுகத் திடலில். செப்டெம்பரில் செர்ரா, வாஷிங்டனில். செர்ராவுக்கு அந்த நாட்டின் பழங்குடியினர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மிஷன் சுவர்களை எழுப்பியது அவர்களின் மூதாதையரின் உழைப்பு. அந்தச் சுவர்களுக்குள்ளேயே நோய்களாலும் கட்டுப்பாடுகளாலும் அவர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். அரசு துணைநின்ற மிஷன் கட்டடத்தை விட்டுச்சென்றது. அரசு துரத்திய மிஷன் மனிதர்களை விட்டுச்சென்றது. வாஸின் புனிதர் பட்டத்தை இந்த நாட்டில் பிற மதத்தவரும் மகிழ்ச்சியோடு வரவேற்றதற்கு இந்த வேறுபாடே அடிப்படை என்று நம்புகிறேன்.

பட்டினத்தில் இருந்து துரத்தப்பட்டது கத்தோலிக்கம் மட்டுமா? இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. கோணேசர் கோவில் இடிபட்டபோது அருச்சகரும் அடியவரும் விக்கிரகங்கள் சிலவற்றை மறைத்துக் காப்பாற்றினார்கள் என்றும், பின்னர் அவை தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோவிலில் எழுந்தருளின என்றும் மரபு சொல்கிறது. வயலும் குளமும் சூழ்ந்த தம்பலகாமம் கடற்கோட்டையின் பீரங்கி எட்டாத உள்நிலம். மலையில் கட்டடம் இல்லாமலே வழிபாடு நடந்தது. மலை விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் தூவிப் பூசை செய்ததை 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. கோவில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். அதாவது, 1622க்குப் பின் சைவமும் 1639க்குப் பின் கத்தோலிக்கமும், ஒன்றன் கையால் மற்றது அடிபட்டிருந்தும், ஒரே வழியில் பிழைத்தன. இரண்டும் பட்டினத்தை இழந்து சூழலுக்குப் போயின. சுவரை இழந்து ஆட்களிடம் தங்கின. அடித்தவரின் மதமும் அடிபட்டவரின் மதமும் என்று இவற்றை எதிரெதிரே நிறுத்தி மட்டும் படித்தால் இந்த ஒற்றுமை கண்ணுக்குப் படாது. 1622இல் நடந்த அநியாயத்தை இந்த ஒற்றுமை சிறிதும் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கம் சூழலில் எஞ்சியது என்பதற்குச் சான்று? முதல் சான்று பேச்சு. இந்தப் பக்கத்து வீடொன்றின் காலைப்பொழுதைச் சொற்களால் மட்டும் பின்தொடர்ந்தால் போதும். குசினியில் தேநீர் கொதிக்கிறது, கோப்பை மேசைக்கு வருகிறது, பாண் பிய்க்கப்படுகிறது, பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார், யன்னல் திறக்கப்படுகிறது, அலுமாரியில் இருந்து துவாய் எடுக்கப்படுகிறது, பிள்ளை சப்பாத்தைத் தேடுகிறது. குசினி, கோப்பை, மேசை, பாண், கதிரை, யன்னல், அலுமாரி, துவாய், சப்பாத்து: ஒன்பதும் போர்த்துக்கேய மூலம் உள்ள சொற்கள். இவை வணிகத்தால் பரவிய சொற்கள், மிஷனுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது நியாயமே. அதனால் இவற்றை மட்டும் வைத்து வாதிட மாட்டேன். ஆனால் ‘நத்தார்’ என்ற சொல் கடையில் பிறந்ததல்ல. தமிழ்நாடு கிறிஸ்துமஸ் என்று சொல்லும் பண்டிகையை இலங்கைத் தமிழ் நத்தார் என்கிறது, அரசு நாட்காட்டியும் அப்படியே அச்சிடுகிறது. ஒல்லாந்தர் ஒன்றரை நூற்றாண்டு ஆண்டும், பிரித்தானியர் அதே அளவு ஆண்டும் இந்தப் போர்த்துக்கேயச் சொல்லை யாராலும் இடம்பெயர்க்க முடியவில்லை. குருசும் பாதிரியாரும் அப்படியே. மறுபுறம், இந்தச் சமூகம் தன் ஆலயத்தைக் கோவில் என்கிறது, திருப்பலியைப் பூசை என்கிறது, குருவைச் சுவாமி என்கிறது. பண்டிகைக்குக் கடல்கடந்த பெயர், வழிபாட்டுக்கு மண்ணின் பெயர். மேலிருந்து ஆணையால் திணிக்கப்பட்ட மதத்தின் சொற்றொகுதி இப்படி அமையாது. ஊரார் தாமே பிடித்து வைத்திருந்ததால்தான் இப்படிக் கலந்தது.

இரண்டாவது சான்று, பறங்கியர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இலங்கைப் போர்த்துக்கேயம் என்ற கலப்புமொழியைப் பேசும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஊகோ கார்தோசோவும் அவரோடு பணியாற்றியவர்களும் அண்மைய ஆண்டுகளில் அந்த மொழியையும் பாடல்களையும் ஒலியாகவும் காணொளியாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் இந்தச் சான்றிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒல்லாந்தர் வீடுகளுக்குள்ளேயே இந்த மொழி புழங்கியது. ஆகவே மொழி பிழைத்ததால் மதமும் தானாகவே பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது. மொழிக்கு ஆட்சியாளரின் வீட்டிலேயே இடமிருந்தது, மதத்துக்கு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து நின்றன என்பதுதான் முக்கியம். தச்சும் கொல்லும் செய்து, வயலின் இழைத்துக் கப்ரிஞ்ஞா ஆடிய இந்தக் குடும்பங்களைக் காலத்தின் எச்சம்போலப் பார்ப்பது பெரிய தவறு. 17ஆம் நூற்றாண்டின் திருகோணமலையை எங்கே பார்க்கலாம் என்று கேட்பவருக்கு இவர்களின் கல்யாண வீடுதான் கைகாட்ட வேண்டிய இடம்.

இனிப் பட்டினத்தில் நிற்கும் தேவாலயத்துக்கு வருவோம். புனித மரியாள் பேராலயம் 1852இல் கட்டப்பட்டது. வானநீல முகப்பு, பின்னால் ஓட்டுக்கூரை. அமைதியான, அழகான கட்டடம். 1806இல் பிரித்தானியர் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கிய பிறகே இப்படி ஒன்று பட்டினத்தில் வெளிப்படையாக எழ முடிந்தது. 1867இல் புனித சூசையப்பர் கல்லூரி வந்தது, 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமானது. அதைப் பொறுப்பேற்ற இயேசு சபையினர் முதலில் பிரான்சிலிருந்தும், பிற்காலத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலிருந்தும் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஆயர் இக்னேஷியஸ் கிளெனி மெக்சிக்கோவில் பிறந்தவர். 1947 முதல் 1974 வரை இந்த மறைமாவட்டத்தை நடத்தினார். நியூ ஓர்லியன்சும் ஒரு காலத்தில் ஸ்பானிய ஆட்சியில் இருந்த நகரம். ஆற்றை நோக்கிய சதுக்கமும் சதுக்கத்தை நோக்கிய பேராலயமும் அங்கே உண்டு. சதுக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்கள் சதுக்கமில்லாத ஊருக்கு வந்து இங்கே பள்ளிக்கூடங்களையே பெரிதாகக் கட்டினார்கள். பட்டினத்தில் கத்தோலிக்கம் கூடும் இடம் பள்ளி முற்றமாக ஆனது அதன் விளைவு.

அப்படியானால் சல்லி எதற்கு? அது ஒரு சைவ ஊர். பள்ளிக்கூடத்தின் பெயர்கூடச் சல்லி அம்பாள் வித்தியாலயம். தேவாலயம் பற்றிய ஆய்வில் அம்மன் கோவிலை இழுப்பது குழப்பம் என்று ஒருவர் தடுக்கலாம். நான் சல்லியைக் கொண்டுவருவது மதத்துக்காக அல்ல, ஊர் அமைந்த விதத்துக்காக. வழிபாட்டிடமும் ஊரும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதற்கு இந்தக் கரையில் அதைவிடத் தெளிவான இடம் இல்லை. கடலோரத்தில் முத்துமாரியம்மன் கோவில், மணலில் ஏற்றிய வள்ளங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஆட்கள் வரிசையாகப் பின்வாங்கி நடக்க, மடி மெல்லக் கரையை நெருங்கும் வெளியும், வருடாந்தப் பொங்கலுக்குப் பட்டினத்திலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வரும் சனங்கள் கூடும் வெளியும் ஒரே கடற்கரைதான். இரண்டாம் பிலிப்பின் சட்டம் கடற்கரை ஊரில் சதுக்கம் படகுத்துறையை ஒட்டி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்ததை, எந்தச் சட்டமும் சொல்லாமல் இந்த ஊர் தானே செய்து வைத்திருக்கிறது. கோவில் கட்டடம் புதுப்பிக்கப்படும், மாறும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தக் கரையிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்தார்கள், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. சனங்கள் திரும்பி வந்தபோதெல்லாம் பொங்கல் பானையும் அதே மணலுக்குத் திரும்பி வந்தது.

இதே வடிவத்தைக் கத்தோலிக்க மீனவரிடமும் பார்க்கலாம். சோளகக் காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் குடும்பங்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போடுவது நெடுநாள் வழக்கம். வாடிகளுக்குப் பக்கத்தில் அந்தோனியாருக்கோ செபஸ்தியாருக்கோ ஒரு சிறு சுருவம் வைக்கப்படும். வாடைக்காற்று தொடங்கியதும் குடும்பங்கள் திரும்பிவிடும், சுருவம் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். யோசேப் வாஸின் காலத்து மிஷன் எப்படி நடமாடியதோ அதே நடமாட்டம். வலை போகும் வழியில் கோவிலும் போகிறது. இந்த வருகையால் கரைவலைப்பாடுகள் குறித்து உள்ளூராருக்கும் வந்தவருக்கும் இடையே தகராறுகளும் எழுவதுண்டு. இருந்தாலும் அம்மன் கோவிலும் அந்தோனியார் சுருவமும் ஒரே மணற்கரையில் ஒரே தேவைக்காக நிற்கின்றன. கடலுக்குப் போனவர் திரும்ப வேண்டும்.

இதெல்லாம் சரி, ஆனால் கலிபோர்னியாவைப்போல நாமும் பழையதைக் கல்லோடு காத்திருந்தால் இப்படிச் சொல்லிலும் மணலிலும் தேட வேண்டியிருக்காதே என்ற ஆதங்கம் நம்மவரிடம் உண்டு. அந்த ஆதங்கம் கலிபோர்னியாவை அது இருப்பதைவிடப் பழையதாகக் கற்பனை செய்துகொள்கிறது. சான் ஹுவான் கபிஸ்திரானோவின் பெரிய கற்தேவாலயம் 1812 நிலநடுக்கத்தில் இடிந்தது. 1830களில் மெக்சிக்கோ அரசு மிஷன்களைத் துறவிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட பிறகு பல கட்டடங்கள் பாழாயின. 1895இல் சார்ல்ஸ் லம்மிஸ் போன்றவர்கள் சங்கம் அமைத்துப் பாதுகாப்புப் பணியைத் தொடங்கினார்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போ தேவாலயத்தின் முகப்பு பல பத்தாண்டுகள் மரப்பலகையால் மூடிக்கிடந்து, 1930களில்தான் பழைய தோற்றத்துக்குத் திருப்பப்பட்டது. அதன் முன்னாலுள்ள சதுக்கம் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தெருவை மூடி உருவாக்கியது. பார்வையாளர் பழமை என்று நினைத்து நிற்கும் வெளி அவர்களின் பெற்றோர் காலத்தது. அது போலி என்று சொல்ல வரவில்லை. ஊரார் விரும்பி மீட்டார்கள், அது அவர்களின் உரிமை. ஆனால் கல் அங்கே தானாக நிலைத்துவிடவில்லை. ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து நிறுத்தியதால் நிலைத்தது. அந்த அளவில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமைக்கு ஒரு நாளை எல்லையாக வைக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதற்கு முந்தைய கட்டடம் தொல்பொருள். பிந்தியதற்குத் தனி அறிவிப்பு வேண்டும். இந்த அளவுகோலால் பார்த்தால் கோட்டை பழையது. 1852இன் பேராலயம் தனி அறிவிப்பு இல்லாமல் உள்ளே வராது. 1963இல் குடமுழுக்குக் கண்ட கோணேசர் கோவிலின் கட்டடமும், சல்லிக் கோவிலின் கட்டடமும் வரா. இடித்துக் கட்டியவரின் சுவர் தொன்மையாகிறது. இடிபட்டு, துரத்தப்பட்டு, மறுபடி மறுபடி கட்டிக்கொண்டவரின் இடம் புதியதாகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணி எழுதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். விளைவு இதுதான். சுவரின் வயதோடு வழிபாட்டின் தொடர்ச்சியையும், திருவிழாவின் இடத்தையும், பேசும் மொழியையும் எண்ணும் பதிவேடு ஒன்று இந்த மாவட்டத்துக்கு வேண்டும். பறங்கியர் பாட்டும் கரைவலை அம்பாப் பாட்டும் அதில் கோட்டைக்குச் சமமான பக்கத்தில் எழுதப்பட வேண்டும். கட்டடத்தை அளக்க நாடா போதும், இதற்கு ஊராரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

அதுவரை, வருபவர் நடக்கும் வழியையாவது மாற்றிப் பார்க்கலாம். வழக்கமான வழி கோட்டை வாசலில் தொடங்கி, கோணேசர் கோவிலைப் பார்த்து, பேராலயத்தைத் தாண்டி, நிலாவெளிக் கடற்கரையில் குளிப்போடு முடிகிறது. சல்லி அந்த வழியில் வண்டி நில்லாமல் கடந்துபோகும் பெயர்ப்பலகை. எதிர்த்திசையில் வந்தால் முதலில் அம்மன் கோவிலும் கரைவலையும், பிறகு உப்புவெளி, பிறகு பேராலயம், பள்ளி முற்றம், பீரங்கிக்காக வெறுமையாக விடப்பட்ட மைதானம், கடைசியில் கோட்டை வாசல். அந்த ஒழுங்கில் வந்து சேர்பவருக்குக் கதவுநிலையில் செதுக்கிய இரண்டு மீன்கள் வாசலுக்குள் நுழையும் முன்பே கண்ணில் படும்.